தமிழ்வழியில் படித்துவிட்டு நர்சிங் சேருகிறவர்களுக்கு: சேலத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

முதல் நாள் அனாட்டமி வகுப்பில் மேடம் "ஸ்ப்ளீன்" என்றார். எனக்கு மண்ணீரல் தெரியும். அது எந்தப் பக்கம் இருக்கிறது, என்ன செய்கிறது என்றெல்லாம் பிளஸ் டூவில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஸ்ப்ளீன் என்பதுதான் மண்ணீரல் என்று தெரியாது. வகுப்பு முடியும்வரை அவர் கல்லீரலைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு குறிப்பு எழுதினேன். முதல் இன்டர்னலில் 75க்கு 19.

நான் ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்தில் அரசுப் பள்ளியில் படித்தவள். அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். நான் இன்று சேலத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வருடா வருடம் ரிசல்ட் வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அக்கா, எனக்கு இங்கிலீஷ் வராது, நர்சிங் சேரலாமா?" சேரலாம். எப்படி என்பதை ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நர்சிங் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளி தமிழில் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் நர்ஸ். அதனால் ஆங்கிலம் வந்ததும் தமிழைத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

படி 1: எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி

பி.எஸ்சி நர்சிங் 4 வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். ஆங்கிலப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். 17 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கவுன்சலிங் நடக்கிறது. டிப்ளமோ, அதாவது டிஜிஎன்எம், 3 வருடம். அதை முடித்தவர்கள் பின்னால் 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்துப் பட்டம் வாங்கலாம். வீட்டில் பண நெருக்கடி இருந்து சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் டிப்ளமோ தவறான முடிவு இல்லை. இரண்டில் எதை முடித்தாலும் செவிலியராகப் பதிவு செய்யலாம்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு செவிலியர் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிகளும் நிறைய. தனியாரில் சேர்வதற்கு முன் மூன்று இடங்களில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றம், பட்டப்படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் "6 மாதத்தில் நர்சிங், உடனடி வேலை" போஸ்டரை நம்பி எங்கள் ஊரில் இரண்டு பேர் பணம் கட்டினார்கள். அது உதவியாளர் பயிற்சி. அதை முடித்தால் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. அந்த வேலை கேவலம் என்று சொல்லவில்லை, ஆனால் எதில் சேருகிறோம் என்று தெரிந்து சேர வேண்டும்.

மலைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. நம் மலையாளி சமூகத்துக்கான (கேரளத்தவர் இல்லை, நம் மலைவாழ் மக்கள்) பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் அளவில்தான் தருவார்கள், தாசில்தாரோடு முடிவதில்லை. விசாரணை, கையெழுத்து என்று இழுக்கும். பிளஸ் ஒன் படிக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கவுன்சலிங் சமயத்தில் ஓடினால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியே நாள் போய்விடும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு முதல் மாதமே பதிந்துவிடுங்கள்.

படி 2: ரிசல்ட்டுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் உள்ள மாதங்கள்

இந்த இடைவெளியில் பலரும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடப் பார்ப்பார்கள். நானும் ஒரு மாதம் போனேன். "மை நேம் இஸ்", "மை ஹாபி இஸ்" என்று பேசக் கற்றுக்கொண்டேன். அதனால் கெட்டுப்போனது ஒன்றுமில்லை, ஆனால் பணம் இல்லாதவர்கள் கடன் வாங்கிப் போக வேண்டியதில்லை. நர்சிங்குக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு. அதை வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

உங்கள் பிளஸ் ஒன் உயிரியல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பாடத்தின் ஆங்கிலவழிப் புத்தகத்தைத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் விரித்துவைத்து, ஒரு பத்தி தமிழில், அதே பத்தி ஆங்கிலத்தில் என்று படியுங்கள். விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் ஆங்கில வாக்கியம் தானாகத் திறக்கும். செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம் ஆகிய நான்கு பாடங்கள் போதும். முதல் செமஸ்டர் அனாட்டமியிலும் பிசியாலஜியிலும் பாதி பயம் போய்விடும்.

அப்புறம், வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர் இருந்தால் அவர்கள் மாத்திரை அட்டை, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் வாங்கி எழுத்துக் கூட்டிப் படியுங்கள். என் தாத்தாவின் மருந்துச் சீட்டில்தான் "பிடி", "டிடிஎஸ்", "எச்எஸ்" எல்லாம் முதலில் பார்த்தேன். இவை ஆங்கிலம்கூட இல்லை, லத்தீன். பிடி என்றால் நாளுக்கு இருமுறை, டிடிஎஸ் மும்முறை, எச்எஸ் படுக்கும் நேரம், எஸ்ஓஎஸ் தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் இப்போதே, என்பிஓ வாய்வழி ஒன்றும் தரக்கூடாது. கான்வென்டில் படித்த பிள்ளைக்கும் இது புதுமொழிதான். இந்த இடத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறோம்.

படி 3: மூன்று பத்தி நோட்டு

இதுதான் என்னைக் காப்பாற்றியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் புத்தகத்தின் ஆங்கிலச் சொல். இரண்டாவதில் பள்ளிக்கூடத் தமிழ். மூன்றாவதில் நோயாளி சொல்லும் தமிழ். பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது பத்திதான் வார்டில் சோறு போடும்.

எடுத்துக்காட்டு சொல்கிறேன். புத்தகத்தில் வெயின். பள்ளியில் சிரை. ஆனால் வார்டில் எந்தப் பாட்டியும் சிரை என்று சொல்ல மாட்டார்: "ஏன் கண்ணு, நரம்பு கெடைக்கலியா?" என்றுதான் கேட்பார். அவர் நரம்பு என்பது இரத்தக்குழாய். ஆனால் நர்வ் என்பதற்கும் தமிழில் நரம்புதான். "நரம்பு இழுக்குதுங்க" என்றால் தசைப்பிடிப்பாக இருக்கலாம். ஆக ஒரே சொல் மூன்று பொருளில் வருகிறது. எதைச் சொல்கிறார் என்று கையை வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இது எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இல்லை.

இன்னும் சில. டயரியா, வயிற்றுப்போக்கு, "வயித்தால போவுது". டிஸ்னியா, மூச்சுத்திணறல், "எளைக்குது" அல்லது "மூச்சு வாங்குது". பால்பிடேஷன், இதயப் படபடப்பு, "நெஞ்சு படபடங்குது". டிஸ்யூரியா, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், "நீர்க்கடுப்பு". வெர்டைகோ, தலைச்சுற்றல், "கிறுகிறுன்னு வருது". ஹார்ட்பர்ன், நெஞ்செரிச்சல், "நெஞ்சு கரிக்குது". பிரசவ வார்டுக்குப் போனால் "முழுகாம இருக்கா" (கர்ப்பமாக இருக்கிறாள்), "நஞ்சு வந்துருச்சா" (நஞ்சுக்கொடி வெளியே வந்ததா), "பனிக்குடம் உடைஞ்சுருச்சு" என்று ஒரு தனி அகராதியே இருக்கிறது. கேஸ் ஷீட்டில் முதல் பத்திச் சொல்லை எழுத வேண்டும், நோயாளியிடம் மூன்றாவது பத்திச் சொல்லைக் கேட்க வேண்டும்.

வலிக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். குத்துது, குடையுது, எரியுது, சுருக்குன்னு இருக்கு, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, முறுக்கிப் பிடிக்குது, கனமா அழுத்துது. தமிழில் வலிக்கு இத்தனை சொல் இருப்பது நமக்கு வரம். ஆங்கிலத்தில் ஸ்டாபிங், பர்னிங், த்ராபிங், காலிக்கி, க்ரஷிங் என்று இதற்கெல்லாம் இணை இருக்கிறது. "நெஞ்சு மேல கல்லத் தூக்கி வச்ச மாதிரி" என்று ஒருவர் சொன்னால் அது க்ரஷிங் பெயின், உடனே இசிஜி. "சும்மா வலிக்குதுங்க" என்று அவர் சொன்னதோடு நிறுத்தி "செஸ்ட் பெயின்" என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி போய்விடுகிறது.

என் ஹாஸ்டல் அறைத் தோழி ஆங்கிலவழியில் நன்றாகப் படித்தவள், பெரிய நகரத்துப் பெண். டிஸ்னியா அவளுக்கு மனப்பாடம். "எளைக்குது" என்று ஒரு பெரியவர் சொன்னபோது உடம்பு மெலிந்துவிட்டதாகச் சொல்கிறார் என்று நினைத்து வெயிட் பார்க்கப் போய்விட்டாள். அன்று முதல் நாங்கள் இருவரும் நோட்டை மாற்றிக்கொண்டோம்: அவள் எனக்கு முதல் பத்தி, நான் அவளுக்கு மூன்றாவது பத்தி. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். தேடிப் பிடியுங்கள்.

படி 4: நீளச் சொல்லை உடைப்பது

மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் துண்டுகளின் ஒட்டு. ஒட்டுச் சொல் நமக்குப் புதிதில்லை. "மரத்தடியிலிருந்து" என்பதை மரம், அடி, இல், இருந்து என்று யோசிக்காமலே பிரிக்கிறோம் இல்லையா, அதே வேலைதான்.

முன் துண்டு உறுப்பைச் சொல்லும்: கேஸ்ட்ரோ இரைப்பை, ஹெபட்டோ கல்லீரல், நெஃப்ரோ சிறுநீரகம், கார்டியோ இதயம், ஆஸ்டியோ எலும்பு, மயோ தசை. பின் துண்டு என்ன நடந்தது என்று சொல்லும்: ஐட்டிஸ் என்றால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது, ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது, ஆஸ்டமி என்றால் திறப்பு ஏற்படுத்துவது, ஈமியா என்றால் இரத்தத்தில், யூரியா என்றால் சிறுநீரில். ஒரு 60, 70 துண்டு தெரிந்துவிட்டால் முன்பின் பார்க்காத சொல்லையும் ஊகிக்கலாம். நாளுக்கு ஐந்து வீதம் இரண்டு வாரம் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஹைப்போ குறைவு, ஹைப்பர் அதிகம். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். ஹைப்போகிளைசீமியாவில் சர்க்கரை குறைந்திருக்கிறது, உடனே இனிப்பு தர வேண்டும். ஹைப்பரில் தரக்கூடாது. இதைப் போலவே டிஸ்ஃபேஜியா விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா பேச்சுச் சிரமம். ஐலியம் என்று ஒரே உச்சரிப்பில் இடுப்பெலும்பும் உண்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியும் உண்டு. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இந்த மாதிரி ஜோடிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: சின்னச் சொற்களில் இருக்கும் பள்ளம்

நீளச் சொல்லுக்குப் பயந்துகொண்டே இருந்தேன். ஆனால் என்னை உண்மையில் தடுக்கிவிட்டவை சின்னச் சொற்கள். தெரிந்த சொல் போலவே இருக்கும், பொருள் வேறாக இருக்கும்.

ஸ்டூல் என்றால் உட்காரும் முக்காலி இல்லை, மலம். கல்ச்சர் பண்பாடு இல்லை, கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை. லேபர் உழைப்பு இல்லை, பிரசவ வலி. டெண்டர் என்றால் தொட்டால் வலிக்கிறது. வாய்ட் என்றால் சிறுநீர் கழிப்பது. பேட்டன்ட் என்றால் அடைப்பில்லாமல் திறந்திருக்கிறது. ஐவி லைன், அதாவது மருந்து ஏற்றும் குழாய், பேட்டன்ட் என்று எழுதுவார்கள். காம்ப்ளெய்ன்ட் புகார் இல்லை, நோயாளி சொல்லும் தொந்தரவு. டிஸ்சார்ஜ் வீட்டுக்கு அனுப்புவதும்தான், புண்ணிலிருந்து வடிவதும்தான். போனில் மொழிபெயர்ப்பு செயலியை வைத்துப் படிக்கிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். செயலி வாக்கியத்துக்கு உதவும். இந்தச் சொற்களுக்கு மருத்துவ அகராதியைப் பாருங்கள், இல்லையென்றால் சீனியரைக் கேளுங்கள்.

கேள்வித்தாளிலும் இதே கதை. "எக்செப்ட்" (தவிர) என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விடை தெரிந்த கேள்வியையே தவறாக எழுதியிருக்கிறேன். "எக்செப்ட்", "லீஸ்ட்", "அன்லெஸ்", "வித்ஹோல்ட்", இவை வந்தால் பென்சிலால் வட்டமிட்ட பிறகுதான் விடையைத் தொட வேண்டும். வித்ஹோல்ட் என்றால் கொடுக்காமல் நிறுத்திவைப்பது. ஹோல்ட் என்ற பகுதியை மட்டும் பார்த்துப் பிடித்துக்கொள்வது என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குப் போட்டித் தேர்வு எழுதும்போதும் இந்தப் பழக்கம் உதவும்.

படி 6: படிப்பதும் எழுதுவதும்

பத்தி பத்தியாக மனப்பாடம் செய்யாதீர்கள். பள்ளியில் அது மதிப்பெண் வாங்கித் தந்தது உண்மைதான். இங்கே நடுவில் ஒரு சொல் மறந்தால் அதற்குப் பின் வருவதெல்லாம் போய்விடும், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேள்வியை மாற்றிக் கேட்டால் வாய் அடைத்துவிடும்.

நான் செய்தது இது. ஒரு தலைப்பை ஆங்கிலத்தில் படிப்பேன். புத்தகத்தை மூடிவிட்டு, சுவரைப் பார்த்துத் தமிழில் உரக்கச் சொல்வேன், அம்மாவுக்கு விளக்குவது போல. தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி படிக்க வேண்டும். சொல்ல முடிந்தால் அதை ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவேன். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. "ஹார்ட் இஸ் எ மஸ்குலர் ஆர்கன். இட் ஹேஸ் ஃபோர் சேம்பர்ஸ்." இவ்வளவுதான். திருத்துகிறவர் இலக்கியம் தேடவில்லை. வரையறை சரியா, தலைப்புகள் இருக்கின்றனவா, படம் இருக்கிறதா என்று பார்க்கிறார். வரையறையை மட்டும் வரி மாறாமல் நெட்டுருப் போடுங்கள். படத்தை 20 முறை வரைந்து பழகுங்கள். படத்துக்கு இலக்கணப் பிழை கிடையாது.

கேள்வியின் முதல் சொல்லைப் பாருங்கள். டிஃபைன் என்றால் இரண்டு வரி. லிஸ்ட், எனுமரேட் என்றால் வெறும் பட்டியல். டிஸ்க்ரைப், எக்ஸ்ப்ளெய்ன் என்றால் விரிவாக. டிஃபரன்ஷியேட் என்றால் அட்டவணை போடுங்கள். பட்டியல் கேட்டதற்கு இரண்டு பக்கம் எழுதி நேரத்தைத் தொலைத்தவர்கள் அதிகம்.

கேர் ப்ளான், அதாவது நோயாளிக்குத் தர வேண்டிய கவனிப்பை எழுதும் திட்டம், பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அதன் வாக்கியம் ஒரே அச்சு: பிரச்சினை, "ரிலேட்டட் டு" காரணம், "ஆஸ் எவிடென்ஸ்டு பை" அடையாளம். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு "அக்யூட் பெயின் ரிலேட்டட் டு சர்ஜிகல் இன்சிஷன்" என்று தொடங்கி, நோயாளி வலி என்று சொன்னதை அடையாளமாக எழுதினால் ஒரு டயக்னோசிஸ் முடிந்தது. முன்னூறு நோயாளிக்கும் இதே அச்சுதான்.

கணக்கு நமக்குச் சாதகம். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், சலைன் ஏற்றும் குழாய் செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. 500 × 20 ÷ 240 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. இதில் தமிழ்வழி ஆங்கிலவழி வித்தியாசம் ஒன்றுமில்லை. முதல் வருடமே இந்தக் கணக்குகளில் தேர்ந்துவிட்டால் வார்டில் சிஸ்டர்கள் உங்களைத் தேடிக் கூப்பிடுவார்கள், தைரியம் அங்கிருந்து வரும்.

படி 7: வார்டில் காது

இரண்டாம் வருட போஸ்டிங்கில் (வார்டுப் பயிற்சியில்) நடந்தது. ஒரு மருத்துவமனையில் சிஸ்டர் அவசரமாகப் போகிறபோக்கில் "சிரப் ஃபிஃப்டீன் எம்எல்" என்றார். என் காதில் ஃபிஃப்டி விழுந்தது. 50 மில்லி அளந்து எடுத்துவிட்டேன். கட்டிலருகே போகும் முன் இன்னொரு சீனியர் சிஸ்டர் கப்பைப் பார்த்து, "எவ்வளவும்மா எடுத்தே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இல்லையென்றால் கொடுத்திருப்பேன். அன்று இரவு தூங்கவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம்: வாய்மொழியாக வரும் எந்த எண்ணையும் இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்வேன். "ஒன் ஃபைவ், பதினைந்து எம்எல், சரிங்களா சிஸ்டர்?" ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. 13க்கும் 30க்கும், 16க்கும் 60க்கும் ஆங்கிலத்தில் ஒலி நெருக்கம். பதினாறும் அறுபதும் தமிழில் ஒருபோதும் குழம்பாது. இதற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டாலும் சொல்லுங்கள்.

எழுதும்போதும் கவனம். இன்சுலின் அளவில் யூனிட் என்பதை முழுதாக எழுதுங்கள். "யு" (U) என்று ஒற்றை எழுத்தில் சுருக்கினால் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். 1.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 10. அரை மில்லி என்றால் 0.5, முன்னால் பூஜ்யம் கட்டாயம்.

டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்றால் எனக்குக் கை நடுங்கும். எஸ்பிஏஆர் என்ற முறை கைகொடுத்தது. நான்கே நான்கு விஷயம்: இப்போது என்ன நடக்கிறது, இவர் யார் என்பதும் எதற்காகச் சேர்ந்தார் என்பதும், நான் பார்த்ததில் என்ன தெரிகிறது, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும். போனை எடுக்கும் முன் நான்கு வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பல்ஸ், பிபி, சுவாசம், ஜுரம், ஆக்சிஜன் அளவு ஐந்தும் சீட்டில் இருக்கட்டும். பார்த்துப் படித்தால் போதும், இலக்கணம் யாருக்கும் காதில் விழாது.

படி 8: கூச்சம்

ஹாஸ்டலில் தமிழில் பேசினால் ஃபைன் என்று ஒரு விதி சில இடங்களில் உண்டு. நான் படித்த இடத்திலும் இருந்தது. ஆங்கிலம் வளர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஆனால் எங்களைப் போன்றவர்கள் ஆங்கிலம் பேசவில்லை, பேசுவதையே நிறுத்திவிட்டோம். சந்தேகம் கேட்பதும் நின்றது. அதுதான் ஆபத்து. விதி இருந்தால் இருக்கட்டும், வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் தனியாகப் போய்த் தமிழில் கேளுங்கள். ஆசிரியைகளில் பலரும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள்தான். நான் பயந்து பயந்து போய்க் கேட்ட மேடம், தன் பழைய நோட்டையே எடுத்துக் கொடுத்தார். அதிலும் ஓரத்தில் தமிழ் எழுத்துகள்.

மருத்துவம் தமிழில் சொல்லித்தர முடியாத விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்து, உடற்கூறு, மகப்பேறு நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தார். அந்த வழி தொடரவில்லை, அது வேறு வருத்தம். இன்று நமக்கு ஆங்கிலம் தேவை, கற்றுக்கொள்வோம். ஆனால் மூளை குறை என்று நினைத்துக்கொண்டு கற்க வேண்டாம்.

முதல் செமஸ்டரில் அரியர் விழுந்தால் ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். நான் பார்த்தவரையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு செமஸ்டர்தான் செங்குத்து. மூன்றாவதில் பார்மகாலஜி வரும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். அதற்கப்புறம் வார்டில் நிற்கும் நேரம் கூடக் கூட, பாடத்தில் படித்தது கட்டிலில் படுத்திருக்கும், சொல்லும் ஆளும் ஒன்றாகப் பதியும்.

படி 9: முடித்த பிறகு

படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் மன்றத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு எண் இல்லாமல் வேலை செய்யக்கூடாது. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு இன்னொரு மொழி காத்திருக்கிறது. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை கேட்கிறார்கள். தனியார் ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிடுங்கள்.

சேலத்திலேயே இருந்தாலும் மொழி முடிவதில்லை. எங்கள் வார்டில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் வருகிறார்கள். கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் இந்தி பேசுகிறார்கள். சேலத்திலேயே பிறந்து வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பாட்டிமார் இருக்கிறார்கள். "எங்கே வலிக்கிறது", "மூச்சு விட முடிகிறதா", "சாப்பிட்டீர்களா", "பயப்படாதீர்கள்" ஆகிய நான்கு வாக்கியங்களை ஒவ்வொரு மொழியிலும் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பாட்டிக்கு ஊசி போடும் முன் தெலுங்கில் "பயப்பட ஒத்து" என்றேன். அவர் சிரித்து, அது "பயபட வத்து" என்று திருத்தினார். நோட்டில் அடித்து எழுதிக்கொண்டேன்.